மருத்துவம் தமிழில் பேசிய மானிப்பாய்: சாமுவேல் கிறீன் வாழ்வும் பணியும்

முன்னுரை

மதுரை மாநகரிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் சாலையில், வைகைக்கு வடபுறம் அமைந்துள்ள ஊர் விளாங்குடி. வயலும் தோப்புமாக இருந்த அவ்வூர் இன்று மாநகரின் ஒரு பகுதி. அங்கு நான் குடியிருக்கும் தெருவில் ஒரு மாலை வேளை, முதிய அம்மையார் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தம் கணவரின் நோய்க்குறிப்புத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். கல்லூரியில் பாடம் சொல்பவன் என்பதால் அதிலுள்ளதை நான் விளக்கிச் சொல்வேன் என்பது அவர் நம்பிக்கை. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்க என்னால் முடிந்தது. நோய் எந்த உறுப்பில், எத்தன்மையது என்று சொல்ல முடியவில்லை. எழுதியவர் தமிழர், நோயாளி தமிழர், படிக்க முயன்றவன் தமிழாசிரியன். இடையில் நின்ற தாள் மட்டும் மூவர்க்கும் தாய்மொழி அல்லாத மொழியில் இருந்தது. இதைத் தமிழில் எழுதினால் ஆகாதா என்று அவ்வம்மையார் கேட்டார். விடை சொல்ல இயலாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கேள்விக்கு, ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே, ஆகும் என்று செயலால் விடை கூறிய ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர். தமிழ் வழங்கும் நிலத்திற்குத் தம் 25ஆம் வயதில் வந்து சேர்ந்த அமெரிக்க இளைஞர். கிறித்தவ மருத்துவ ஊழியராக அயல்நாடு செல்லத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்தவர். மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, அவற்றைக் கொண்டே தமிழ் மாணவர்களை மருத்துவர் ஆக்கிய டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் வாழ்வையும் பணியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் குடும்பமும்

சாமுவேல் கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஊஸ்டர் என்னும் ஊரில், கிறீன் குன்று எனப்பட்ட குடும்ப நிலத்தில் பிறந்தார். தந்தையார் வில்லியம் எலைஜா கிறீன் வழக்கறிஞர். பிள்ளைகள் பதினொருவர் கொண்ட பெருங்குடும்பத்தில் சாமுவேல் எட்டாமவர். அவருக்கு இரண்டு ஆண்டு மூத்த தமையன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், பின்னாளில் நியூயார்க் மாநகரின் நடுப்பூங்கா உருவாவதிலும், சிதறிக்கிடந்த நகரப் பகுதிகள் ஒரே மாநகராக இணைவதிலும் முதன்மைப் பங்கு கொண்டு புகழ்பெற்றவர்.

மருத்துவம் அக்குடும்பத்திற்குப் புதியதன்று. பாட்டனார் ஜான் கிறீன் மருத்துவர். அவருடைய தந்தையார் தாமஸ் கிறீன் மருத்துவராகவும் சமயப் போதகராகவும் ஒருங்கே விளங்கியவர். உடல் நோய்க்கு மருந்தும் உள்ளத்துக்கு மறையும் ஒருவரே தரலாம் என்னும் எண்ணம் சாமுவேலுக்குக் குடிவழியாகவே வந்தது எனலாம்.

அவர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், டிசம்பர்த் திங்களில், யாழ்ப்பாணத்து நல்லூரில் மற்றொரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே ஆறுமுக நாவலர். சைவம் காக்கவும் தமிழ் உரைநடை வளர்க்கவும் எழுந்த நாவலரும், கிறித்தவ ஊழியராக வந்து மருத்துவத் தமிழ் வளர்த்த கிறீனும் ஓராண்டில் பிறந்து, ஒரே சிறிய தீபகற்பத்தில், ஒரே காலத்தில் எதிரெதிர்த் திசைகளில் உழைத்தவர்கள். தமிழ் இருவராலும் வளர்ந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மருத்துவக் கல்வியும் மனத்துணிவும்

இளமையில் நியூயார்க் சென்ற சாமுவேல் அங்குத் திருச்சபையின் ஊழிய அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஊழியர்கள் எழுதும் மடல்கள் வந்து சேரும் இடம் அது. அத்தகைய சூழலில் நாள்தோறும் இருந்த இளைஞர் உள்ளத்தில் அயல்நாட்டுப் பணி பற்றிய எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. எனினும் வெறும் ஆர்வத்தோடு அவர் கப்பல் ஏறிவிடவில்லை. மக்களுக்குக் கைகொடுக்க வல்ல ஒரு தொழில் தமக்கு வேண்டும் என்று கருதி நியூயார்க் மருத்துவர் அறுவையர் கல்லூரியில் பயின்று, 1845இல் தம் 23ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற ஆண்டிற்கும் கப்பல் ஏறிய ஆண்டிற்கும் இடையே ஈராண்டு உண்டு. குடும்பச் செல்வாக்கும், தமையனின் வளர்ந்துவரும் நிலையும், மருத்துவர் மரபில் வந்த பெயரும் ஊரிலேயே அவருக்கு நல்வாழ்வைத் தந்திருக்கும். அக்காலத்தில் கீழை நாடுகளுக்குச் சென்ற ஊழியர்களுள் பலர் திரும்பவில்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் கொண்டுபோயின. இவற்றை அறிந்தே அவர், அயல்நாட்டு ஊழியங்களுக்கான அமெரிக்கச் சபையிடம் தம்மை ஒப்படைத்தார்.

அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த அந்நாள்களில் மருத்துவ உலகிலும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில், ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து, வலியின்றி அறுவை செய்யலாம் என்பது ஊரறிய மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு ஆறு திங்களின் பின், 1847 ஏப்ரலில், அதே பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கிறீனின் கப்பல் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த அந்நெடும்பயணத்தின் முடிவில், சென்னை வழியாக, 1847 அக்டோபரில் அவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையை அடைந்தார்.

யாழ்ப்பாணமும் மதுரையும்

கிறீன் வந்திறங்கிய களம் புதிதாகத் திருத்தப்பட்டதன்று. அமெரிக்க ஊழியம் யாழ்ப்பாணத்தில் 1816இலேயே தொடங்கியிருந்தது. மருத்துவர் ஜான் ஸ்கடர் அங்குப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கு இடம் பெயர்ந்தார். 1823இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் அறிவியலும் கணிதமும் தமிழ் இலக்கியமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே.

மதுரையில் வாழும் நாம் இத்தொடர்பில் அறியவேண்டியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்க ஊழியத்தின் கிளையாகவே மதுரை ஊழியம் 1834இல் பிறந்தது. அதற்கு இடம் பார்க்க அவ்வாண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தவர் லீவை ஸ்பால்டிங் என்னும் தமிழறிந்த ஊழியர். இவரே 1842இல் மானிப்பாயில் அச்சான அகராதியோடு பெயர் இணைந்தவர். மானிப்பாய் அகராதியைத் தந்த கைகளும் மதுரையில் பள்ளிகளுக்கு வழி திறந்த கைகளும் ஒன்றே. ஆகவே கிறீனின் வரலாறு கடலுக்கு அப்பாலுள்ள ஊரின் கதையாயினும் நம் ஊரோடும் உறவுடையதே.

மானிப்பாயில் மருத்துவப் பள்ளி

1848இல் கிறீன் மானிப்பாய்க்கு வந்தார். நோயாளர் திரளாக வந்தனர். ஒரு மருத்துவர், ஒரு தீபகற்பம் என்னும் நிலையில் எத்தனை பேரைத் தாமே பார்க்க இயலும் என்ற வினா அவர்முன் நின்றது. அதற்கு அவர் கண்ட விடை, தாமே எல்லாரையும் பார்ப்பதினும் பார்க்க வல்லவர்களை உருவாக்குவது மேல் என்பது. அவ்வாண்டிலேயே மூன்று மாணவர்களோடு மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அதே 1848ஆம் ஆண்டில் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. அக்காலத்தில் வேறு வழி எவர்க்கும் தோன்றியதில்லை. 1835இல் கல்கத்தாவில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் தோன்றிய மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டன. நாட்டு மொழிகளில் மருத்துவம் சொல்லிவந்த கல்கத்தாப் பள்ளியும் அவ்வாண்டில் மூடப்பட்டது. உயர் கல்வி ஆங்கிலத்தில்தான் என்னும் கொள்கை அரசின் முடிவாகிவிட்ட காலம் அது.

கிறீனோ வந்த நாள்முதல் தமிழைக் கற்றார். நோயாளி தன் நோவைத் தன் மொழியில்தான் சொல்வான். குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, உளைகிறது, பிசைகிறது என்னும் வேறுபாடுகளை அறியாதவன் நோயை அறிய மாட்டான். பேச்சுத் தமிழோடு நில்லாமல் எழுத்துத் தமிழிலும் பயிற்சி பெற்றார். 1850களில், கால்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் பள்ளி மாணவர்க்கென எழுதிய உடல்நூல், அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் பெயர்களால் தமிழில் வெளிவந்தது. உடலின் அமைப்பு, உடலின் இயக்கம், உடலைப் பேணும் முறை என்னும் மூன்றையும் கூறுவது அந்நூல். அதனை அடுத்து மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம் வந்தது.

பத்தாண்டு இடையறாத உழைப்பால் உடல் தளர்ந்து, 1857இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கும் பணி நிற்கவில்லை. 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே மனைவியுடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். இம்முறை அவர் உள்ளத்தில் ஒரு முடிவு உறுதிப்பட்டிருந்தது.

பயிற்றுமொழி மாற்றம்

அம்முடிவு, மருத்துவத்தை இனித் தமிழிலேயே கற்பிப்பது என்பது. 1864இல் தமிழ்வழி மருத்துவ வகுப்புத் தொடங்கியது. இதற்கு அவர் கண்ட காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் கிராமத்தில் தங்கவில்லை. அரசாங்க மருத்துவமனைகளும் தோட்டங்களும் தரும் ஊதியம் அவர்களை இழுத்துக்கொண்டது. எவருக்காகப் பயிற்சி தரப்பட்டதோ அம்மக்கள் முன்போலவே மருத்துவர் இன்றி இருந்தனர். தமிழில் கற்றவர் தமிழ் மக்களிடையே தங்குவர் என்று அவர் எண்ணினார். இரண்டாவது, அயல்மொழியில் மனப்பாடம் செய்த மாணவர்க்குச் சொல் இருந்தது, பொருள் தெளிவில்லை. தாய்மொழியில் கற்றவர் கற்றதைப் பிறர்க்கும் எடுத்துச் சொல்ல வல்லவராயினர். மூன்றாவது, அவருடைய நோக்கில் சமயம் வேறு, பண்பாடு வேறு. கிறித்தவராக மாறுகின்ற தமிழரும் உடையிலும் உணவிலும் மொழியிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும், அமெரிக்கரின் படியாக ஆகிவிடக் கூடாது என்பது அவர் கொண்ட கொள்கை. ஆளும் இனத்தாரின் நடையுடைகளைப் பின்பற்றுவதே நாகரிகம் என்று பலரும் கருதிய காலத்தில், வந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரே இவ்வாறு எண்ணியது அரிது.

மாணவர் யாவரும் இம்மாற்றத்தை மகிழ்ந்து வரவேற்றனர் எனல் பொருந்தாது. அரசுப் பணிக்கு வழி ஆங்கிலமே. தமிழில் கற்றால் வேலை எங்கே என்னும் ஐயம் அன்றே பிறந்ததுதான். அந்த ஐயம் பொருளற்றதன்று. ஏழைக் குடும்பத்து இளைஞன் கல்வியை நாடுவது சோற்றுக்கு வழிதேடியும்தான். கிறீன் கேட்டது ஒரு தியாகம். அதை எல்லாரிடமும் எதிர்பார்க்க இயலாது. எனினும் அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறிய 62 பேருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள் என்பது வரலாறு. பாதிக்கு மேற்பட்டோர் தாய்மொழியில் மேலை மருத்துவம் கற்ற ஒரு பள்ளி, 19ஆம் நூற்றாண்டில் ஒரு சிற்றூரில் நடந்திருக்கிறது.

1866-67இல் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி கொடுமையாகத் தாக்கியது. அந்நோயின் கிருமி எது என்பதை உலகம் அதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ராபர்ட் காக் அதனை எகிப்திலும் கல்கத்தாவிலும் கண்டு நிறுவியது 1883-84இல். நோயின் மூலம் தெரியாமலே நோயாளியின் அருகில் நிற்க வேண்டிய காலம் அது. ஒரு மருத்துவர் மட்டும் இருந்தால் என்ன ஆகும், ஊர்தோறும் பயின்றவர் இருந்தால் என்ன பயன் என்பதை அத்தகைய கொள்ளை நோய்க் காலங்களே தெளிவாக உணர்த்தின.

நூலாக்கமும் கலைச்சொல்லாக்கமும்

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இவ்விரண்டையும் தேடி எடுப்பதிலேயே கிறீனின் பிற்காலம் முழுவதும் சென்றது. 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. இது துருவிட் என்பாரின் அறுவை மருத்துவ நூலின் தமிழாக்கம். 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வெளிவந்தன. இவற்றுள் முன்னது, மருத்துவ மாணவர் இன்றளவும் ஓதும் கிரேயின் உடற்கூற்று நூலாகும். அம்மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858இல். 14 ஆண்டுகளுக்குள் அது தமிழுக்கு வந்துவிட்டது. 1875இல் கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூலும், 1883இல் டால்டன் எழுதிய உடலியங்கு நூலின் தமிழாக்கமாகிய மனுஷ சுகரணமும் வெளிவந்தன. இந்திய மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்தசாரம் அவர் இறுதி நாள்களில் ஈடுபட்டிருந்த பணி. சில நூல்கள் மானிப்பாயிலும் சில நாகர்கோயிலிலும் அச்சேறின. மொத்தப் பக்கங்களைக் கூட்டினால் நாலாயிரத்துக்கு மேற்படும்.

இவை யாவும் ஒருவர் தனித்துச் செய்தவை அல்ல. அவருடைய மாணவர்களாகிய தான்போர்த், வில்லியம் பால், சப்மன் முதலிய தமிழர்கள் மொழிபெயர்ப்பிலும் திருத்தத்திலும் உடனுழைத்தனர். பெயரைக் கேட்டு இவர்களை அயல்நாட்டார் என்று மயங்குதல் கூடாது. அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களை ஊழியப் பள்ளி மாணவர்க்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். மருத்துவம் அறிந்தவர் தமிழறிந்தவரோடும், தமிழறிந்தவர் மருத்துவம் அறிந்தவரோடும் கூடியிருந்து சொல் தேடியதே அவர்கள் முயற்சியின் வலிமை.

சொல்லாக்கத்தில் அவர் வகுத்துக்கொண்ட நெறி பயன்பாட்டை மையமாகக் கொண்டது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவது. இல்லையேல் வடமொழியை நாடுவது. அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதிக்கொள்வது. நூல்களின் பெயர்களிலேயே இம்மூன்று வழிகளையும் காணலாம். அங்காதிபாதம் என்பதும் வைத்தியாகரம் என்பதும் வடமொழி வழிப்பட்டவை; ஆகரம் என்பது சுரங்கம், உறைவிடம் எனப் பொருள்படும். கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழீறு கொடுத்து ஆக்கியது. ஆக்கிய சொற்களை நூலுக்குள் புதைத்துவிடாமல், ஆங்கிலமும் தமிழுமாகச் சொற்பட்டியல்களாகவும் அவர் வெளியிட்டார். பின்வருவோர் திருத்தவும் பெருக்கவும் அவை உதவும் என்பது கருத்து.

அச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. இரண வைத்தியம் அறுவை மருத்துவம் ஆயிற்று. கெமிஸ்தம் வேதியியல் ஆயிற்று. இதனைக் கொண்டு அவர் முயற்சி வீண் என்று கூறுவார் உண்டு. அக்கூற்று ஏற்புடையதன்று. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை வடசொல் மிகுந்தது. அவர் காலத்துப் படித்த தமிழர்க்கு விளங்கிய மொழியில் அவர் எழுதினார். தனித்தமிழ் இயக்கம் தோன்றியது அவருக்கு ஒரு தலைமுறை பிற்பட்டு. சொற்கள் உதிரலாம், தமிழில் இதனைச் சொல்ல முடியும் என்னும் உறுதி உதிரவில்லை. அதுவே பின்வந்த கலைச்சொல் முயற்சிகளுக்கு உரமாயிற்று.

பாக்தாதும் மானிப்பாயும்

மருத்துவ அறிவு ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்வது உலக வரலாற்றில் முன்னும் நிகழ்ந்ததே. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசிய கலீஃபாக்களின் ஆதரவில் பாக்தாத் நகரில் பெரும் மொழிபெயர்ப்புப் பணி நடைபெற்றது. அதில் முதல்வராக விளங்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவ மருத்துவர். கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபு மொழியிலும் ஆக்கினார். ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கிப் பாடம் கண்டு, சொல்லுக்குச் சொல் வைக்காமல் கருத்தை நோக்கிப் பெயர்த்தவர் அவர். முஸ்லிம் ஆட்சியில், கிறித்தவ அறிஞர் ஒருவர், கிரேக்க அறிவை அரபியர்க்கு உரிமையாக்கினார். அவ்வடித்தளத்தின்மேல் எழுந்தவையே அர்ராஸி, இப்னு சீனா முதலியோரின் பெருநூல்கள். பின்னர் 12ஆம் நூற்றாண்டில் அவை இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவின் மருத்துவப் பள்ளிகளில் பாடமாயின.

கண்ணின் பின்புறத்திலுள்ள படலத்தை அரபு மருத்துவர்கள் வலை என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். அதனைப் பெயர்த்த இலத்தீனியரும் வலையென்றே பெயரிட்டனர். இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அதன் வழி வந்ததே. நாம் அதனை விழித்திரை என்கிறோம். எந்த மொழியும் மருத்துவத்தின் மொழியாகப் பிறந்ததில்லை. உழைத்தவர்கள் அதனை அவ்வாறு ஆக்கினார்கள். அரபிக்கு அது வாய்த்தது, ஆட்சியும் செல்வமும் பல தலைமுறை அறிஞரும் துணைநின்றதால். தமிழுக்கு மானிப்பாயில் வாய்த்ததோ ஓர் ஊழியரும் சில மாணவரும் ஓர் அச்சகமும் மட்டுமே.

இறுதி நாள்கள்

1873இல் உடல்நலம் குன்றிக் கிறீன் தம் குடும்பத்துடன் அமெரிக்கா திரும்பினார். தந்தையார் 1865இலேயே மறைந்திருந்தார். மகன் அப்போது கடல் கடந்து மானிப்பாயில் இருந்தார். ஊஸ்டர் திரும்பிய பின்னரும் தமிழ் அவரை விடவில்லை, அவரும் தமிழை விடவில்லை. பனிபடர்ந்த கிறீன் குன்றில் இருந்தவாறே தமிழ்ப் படிகளைத் திருத்தினார். தாள்கள் கப்பலேறி வருவதும் திருத்தம் பெற்றுப் போவதுமாக மேலும் பத்தாண்டு கழிந்தது. ஊதியத்திற்காகவோ புகழுக்காகவோ இது செய்யப்பட்டதன்று. ஊஸ்டரில் அவரைச் சூழ்ந்திருந்தோர்க்கு அந்நூல்களில் ஓர் எழுத்தும் தெரியாது.

1884 மே 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தம் கல்லறைக்கல்லில் தாம் தமிழர்க்கு மருத்துவ ஊழியராக இருந்ததைப் பொறிக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. கிறீன் குன்று இன்று அவ்வூர் மக்களுக்குரிய பூங்கா. மானிப்பாயில் அவர் வளர்த்த மருத்துவமனை அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஈழத்துக் கவிஞர் அம்பி, கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை 1967இல் எழுதி, மறந்துபோன இம்மனிதரை மீண்டும் தமிழுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார்.

நிறைவும் குறையும்

கிறீனைப் போற்றுமிடத்து உண்மையை மறைத்தல் முறையன்று. அவர் முதலில் ஒரு சமய ஊழியர். மக்களைத் தம் சமயத்திற்கு அழைப்பதே அவரை அனுப்பியவர்களின் நோக்கம், அவருடைய நோக்கமும் அதுவே. அந்நோக்கத்தை ஏற்காத பெருமக்கள் அன்றும் இருந்தனர். எனினும் மருந்து பெற்றவர் யாவரும் சமயம் மாறியவர் அல்லர். நூல்களைப் படித்தவரும் அல்லர். அவர் தந்த அறிவு எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயிற்று.

மற்றொரு குறை அவருடையதன்று, நம்முடையது. அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தோன்றிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. பட்டத்திற்கும் பதவிக்கும் அதுவே வழியாயிற்று. அரசின் துணையும் வேலைக்கு உறுதியும் இல்லாத கல்வி, எத்துணை நன்றாயினும் ஒரு மனிதரின் வாழ்நாளைக் கடந்து நில்லாது என்பதே இதன் பாடம். நூல்கள் இருந்தும் ஓதுவார் இல்லை. தமிழகத்தில் 2010இல் பொறியியல் பாடங்கள் சில தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. 2022இல் மத்தியப் பிரதேசத்தில் மருத்துவப் பட்டப் படிப்புக்கான இந்தி நூல்கள் வெளியிடப்பட்டன. இவற்றுக்கெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிய மொழி தமிழ்.

ஆங்கிலம் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. உலகின் புதிய ஆய்வுகளை அறிய அது இன்றியமையாதது. கிறீனும் ஆங்கில நூல்களிலிருந்தே எடுத்தார். கேள்வி வேறு: கற்றவன் எந்த மொழியில் வேண்டுமாயினும் கற்கட்டும், கற்றதை நோயாளியிடம் எந்த மொழியில் சொல்லப் போகிறான் என்பதே.

முடிவுரை

இளைஞர் ஒருவர் தொலைநாட்டுப் பணிக்கு ஆயத்தமாகும்போது பெரும்பாலும் தாம் கொண்டுசெல்ல வேண்டியவற்றையே எண்ணுவார். கிறீனும் பட்டத்தையும் கருவிகளையும் நம்பிக்கையையும் கொண்டுவந்தார். ஆனால் அவரை வரலாற்றில் நிறுத்தியது, வந்த இடத்தில் அவர் பெற்றுக்கொண்ட தமிழே. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார், ஆகவே நல்லாசிரியரானார்.

நம் கல்லூரிகளிலிருந்து மருந்தியலும் செவிலியமும் ஆய்வக நுட்பமும் கற்கச் செல்வோர் ஆண்டுதோறும் பலர். தமிழ்த்துறை மாணவர்கள் அவர்களோடு அமர்ந்து, ஒரு நோயாளிக்குத் தரும் அறிவுரைத் தாளை எளிய தமிழில் எழுதிப் பார்த்தால் அதுவே கிறீனின் வகுப்பு மீண்டும் தொடங்கியதற்கு ஒப்பாகும். தான்போர்த்தும் வில்லியம் பாலும் செய்தது அதுதான்.

விளாங்குடி அம்மையார் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று கேட்டால் ஆகும் அம்மா என்று கூறுவேன். முன்பே ஒருவர் செய்திருக்கிறார். செய்யாமலிருப்பது நாங்களே என்பதையும் சேர்த்துக் கூற வேண்டியிருக்கும்.